புதுப்பிப்பு: தமிழ்நாடு செட் வைத்துப் பாலக்காட்டில் கெஸ்ட் லெக்சரர் ஆக முடியுமா?

பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. கோவையில் எம்.ஏ. தமிழ், தமிழ்நாடு செட் (கல்லூரி ஆசிரியர் பணிக்கான மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சி. கேரளாவில் பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் பக்கம் அரசுக் கல்லூரியில் கெஸ்ட் லெக்சரராக (தற்காலிக விரிவுரையாளர்) சேர முடியுமா என்று கேட்டிருந்தேன்.

செட் எடுபடவில்லை. 2002 ஜூனுக்குப் பிறகு தேறியவர்களுக்கு அது தேர்வு நடத்திய மாநிலத்துக்குள் மட்டும்தான். கேரளா செட் எழுதச் சொன்னவர்கள் கவனிக்க: அது ஹயர் செகண்டரி ஆசிரியர்களுக்கானது, கல்லூரிக்கு ஆகாது. பெயரைப் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள்.

“பேசாம நெட் எழுதுங்கண்ணா” என்ற யோசனைதான் கைகொடுத்தது. நெட் என்பது இதே பணிக்கான தேசியத் தகுதித் தேர்வு. நாடு முழுக்கச் செல்லும், காலாவதி கிடையாது. தமிழ்ப் பாட எண் 26. முதல் தாள் 50 கேள்வி, இரண்டாம் தாள் 100, இரண்டும் சேர்த்து மூன்று மணி நேரம். மைனஸ் மார்க் இல்லை. ஒரு கேள்வியையும் விடாதீர்கள். ஓபிசி சலுகைக்கு மத்திய அரசு படிவத்தில் நான்-கிரீமி லேயர் சான்று (வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்பதற்கானது) வேண்டும், சாதாரண சாதிச் சான்று போதாது.

எதிர்பாராத ஒன்று: நெட் இருந்தாலும் நேரே இன்டர்வியூவுக்குப் போக முடியாது. திருச்சூர் கல்லூரிக் கல்வித் துணை இயக்குநர் அலுவலகத்தின் கெஸ்ட் பேனலில் (கெஸ்ட் லெக்சரர் பட்டியல்) முதலில் பதிய வேண்டும். வெளிமாநிலப் பட்டம் என்றால் கேரளத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஈக்விவலென்சி சான்றும் (நம் பட்டம் அங்குள்ள பட்டத்துக்குச் சமம் என்பது) கேட்பார்கள். கல்லூரி அறிவிப்பு வந்தபின் அலைந்தால் அந்தச் சான்று நேரத்துக்குக் கையில் கிடைக்காது; நெட் ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.