புதுப்பிப்பு: நல்லூர் விரதம் பற்றி அம்மாவிடம் சொல்லிவிட்டேன்

கடவுள் நம்பிக்கை போய்விட்டது, யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயில் திருவிழா விரதம் பிடிக்கமாட்டேன் என்பதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று முன்பு கேட்டிருந்தேன். "சொல்லாதே, சும்மா போய்க் கும்பிட்டுவிட்டு வா" என்றுதான் பலரும் எழுதியிருந்தீர்கள்.

கொடியேறிய அன்றே சொல்லிவிட்டேன். அம்மா கோபப்படவில்லை. "சரி, மச்சம் மட்டும் வீட்டுக்குள்ள கொண்டு வராதை" என்றார். (மச்சம் என்றால் மீன், இறைச்சி.) 25 நாளும் மரக்கறிதான். அதில் எனக்கு முறைப்பாடு இல்லை.

பெரியம்மாதான் சிக்கல். "வேதக்காரரோட சேர்ந்திட்டியோ?" என்பதே முதல் கேள்வி. இங்கே சைவத்தை விட்டவன் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். நடுவில் நிற்க இடமில்லை. மிஷனரிகளின் மதமாற்றத்தை எதிர்த்துச் சைவத்துக்காக நின்ற ஆறுமுக நாவலர் காலத்துப் பயம் இன்னும் போகவில்லை. (அந்த நாவலரே பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்பில் வேலை செய்தவர்.)

யாழ்ப்பாணத்துச் சித்தர் யோகர் சுவாமியின் "நாம் அறியோம்" என்ற வாசகத்தைச் சொல்லிப் பார்க்கும்படி ஒருவர் எழுதியிருந்தார். சொன்னேன். "அது சுவாமி சொல்லலாம், நீ சொல்லக் கூடாது" என்றார் பெரியம்மா. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

தேருக்குப் போனேன். கும்பிடவில்லை, கச்சான் (வேர்க்கடலை) வாங்கினேன்.

அடுத்தது கந்தசஷ்டி. எனக்கும் சேர்த்துத் தானே விரதம் பிடிக்கப் போவதாக அம்மா சொல்கிறார். இதை மறுப்பதா, விடுவதா?