குளிர்காலத்தில் வீட்டுக்குள் புகும் எலிகள்

கேள்வி: குளிர் தொடங்கியதிலிருந்து இரவில் சமையலறைச் சுவரோரம் பிறாண்டும் சத்தம் கேட்கிறது, காலையில் அரிசியளவு கரும்புழுக்கைகள் கிடக்கின்றன. பொறி வைத்து இரண்டைப் பிடித்த பிறகும் வரத்து நிற்கவில்லை. எங்கே தவறுகிறேன்?

பதில் 1: பொறி வந்ததைப் பிடிக்குமே தவிர, வழியை அடைக்காது. சுண்டெலிக்கு 6 மி.மீ. இடைவெளியே போதும் என்பதால், பாத்திரத் தொட்டிக்கு அடியில் குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற கறை இருந்தால், பெரும்பாலும் அதுதான் வாசல்.

பதில் 2: அத்தகைய துளையை வெறும் ஃபோம் நுரையால் அடைத்து நான் ஏமாந்தேன், ஒரே வாரத்தில் கடித்துத் துளைத்துவிட்டது. இரும்புக் கம்பிச் சுருளைத் திணித்து, மேலே சிமெண்ட் பூசிய பிறகே ஓய்ந்தது.

பதில் 3: புழுக்கைகளை உலர்ந்த நிலையில் பெருக்காதீர்கள், தூசியோடு கிருமியும் மூச்சில் கலக்கக்கூடும். கையுறை அணிந்து, கிருமிநாசினி தெளித்து, 5 நிமிடமாவது ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள்.