கொரோனா காலத்து பாக்கி: 10ஏ பிரிவு தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். நாங்கள் சரக்கு கொடுத்த ஒரு கம்பெனி 2020 ஜூலை முதல் டிசம்பர் வரை கெடு முடிந்த பில்களுக்கு இன்னும் பணம் தரவில்லை. அசலே ஒரு கோடிக்கு மேல். திவால் சட்டத்தின் 10ஏ பிரிவுப்படி, 2020 மார்ச் 25 முதல் ஓராண்டுக்குள் தவறிய பாக்கிக்காக என்சிஎல்டியில் (கம்பெனி திவால் வழக்குகளை விசாரிக்கும் தீர்ப்பாயம்) எப்போதுமே மனு போட முடியாதாம். கடன் மட்டும் அழியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆறுதலுக்கு அதுவாவது இருக்கிறது!

எங்கள் குழப்பம் வேறு. 2021 ஏப்ரலில், "ஜூனுக்குள் தந்துவிடுகிறோம்" என்று கடிதம் கொடுத்து அதிலும் தவறினார்கள். இதைப் புதிய தவறுதலாகக் காட்ட முடியுமா, இல்லை பழையதன் தொடர்ச்சிதானா? இப்படி ஒரு வழக்கில் வந்த உத்தரவைப் பார்த்தவர்கள் யாராவது உண்டா? முடியாது என்றால் சரி, சிவில் வழக்கில் காலவரம்பை எந்தத் தேதியிலிருந்து கணக்கிடுவது? கொரோனாவுக்காகக் காலவரம்புக் கணக்கில் 2022 பிப்ரவரி 28 வரை உச்ச நீதிமன்றம் கொடுத்த விலக்கு இதற்கும் பொருந்துமா?