கேன் உறைக்கு ஒரு சொல்: 'தண்ணுறை' சரிவருமா?

அன்புள்ள நண்பர்களுக்கு,

குளிர்ந்த பானமுள்ள கேனிலும் பாட்டிலிலும் சூடேறாமல் இருக்க மாட்டும் நுரைப்பஞ்சு உறைக்கு (ஆங்கிலத்தில் 'கூசி', koozie) நம் அகராதிக்காக ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம். நீங்கள் சொன்ன யோசனைகளுக்கு என் பதில் இது.

> 'குளிர்காப்பி' என்று வைக்கலாமே.

பொருள் சரிதான். ஆனால் எழுதிப் பார்த்தால் எல்லோரும் கோல்டு காபி என்றே படிப்பார்கள்.

> பேசாமல் 'கூசி' என்றே எழுதிவிடுவோம்.

இதற்கு நான் உடன்பட மாட்டேன். அது ஒரு நிறுவனத்தின் வணிகக்குறி. அமெரிக்காவில் ரேடியோ கேப் கார்ப்பரேஷன் 1980இல் பதிவு செய்தது. பிறகு விளம்பரப் பரிசுப் பொருள்கள் செய்யும் நார்வுட் நிறுவனத்திடம் போனது. 2009இல் நார்வுட்டையே பேனா, லைட்டர் செய்யும் பிக் வாங்கியது. அந்தப் பெயருக்காக வழக்கும் நடந்திருக்கிறது. தவிர, தமிழில் 'கூசி' ஒரு வினையெச்சம். கண் கூசி, உடம்பு கூசி என்று வந்துகொண்டிருக்கும் சொல்லை எதற்கு ஒரு பொருளின் தலையில் கட்ட வேண்டும்?

'கூசி' என்ற ஆங்கிலப் பெயரே தேநீர்ப் பாத்திரம் ஆறாமலிருக்கப் போடும் 'கோஸி' என்ற துணியுறையிலிருந்து வந்ததுதான். அவர்கள் தங்கள் வீட்டுச் சொல்லை எடுத்துத் திருத்திக்கொண்டார்கள். நாமும் அப்படியே செய்வோம். தலையணையுறை, கையுறை, காலுறை என்று 'உறை' நம் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.

'விளம்பர உறை' என்ற யோசனையும் வந்தது. இது பரவியதே விளம்பரத்தால்தான் என்பது உண்மை. மலிவான நுரைப்பஞ்சு, சுற்றிலும் அச்சிட இடம், மடித்தால் தட்டையாகிவிடும், குடிப்பவர் கையிலேயே இருக்கும். கடைக்காரருக்கு வேறென்ன வேண்டும்? ஆனால் அமெரிக்காவின் தென்மாநிலங்களில் மணமக்கள் பெயரும் தேதியும் அச்சிட்டுத் திருமண விருந்தினருக்கும் கொடுக்கிறார்கள். அதை விளம்பரம் என்று சொல்ல முடியாது. ஆஸ்திரேலியர்கள் 'ஸ்டபி ஹோல்டர்' என்கிறார்கள். ஸ்டபி என்பது அவர்களுடைய 375 மி.லி. குட்டை பீர் பாட்டில். அந்தப் பெயரில் பாட்டில் இருக்கிறது, குளிர்ச்சி இல்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது அது செய்யும் வேலை. கையின் சூடு ஏறாமல் தடுப்பது அதில் ஒரு பகுதிதான். குளிர்ந்த கேன் 'வியர்க்கும்போது', காற்றிலுள்ள நீராவி அதன்மேல் நீராகிறது. அப்போது வெளிவிடும் வெப்பம் கேனுக்குள் போகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டேல் டரனும் டார்கன் ஃப்ரையர்சனும் 2013இல் இதை அளந்து காட்டினார்கள். கேன் முழுவதும் 0.1 மி.மீ. கனத்துக்கு நீர் படிந்தாலே பானம் சுமார் 5 டிகிரி செல்சியஸ் சூடாகிவிடும். உறை அந்த வியர்வையைத் தடுக்கிறது. சென்னைப் புழுக்கத்தில் சோடா பாட்டிலைப் பிடித்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும்.

ஆகவே என் பரிந்துரை 'தண்ணுறை': தண் + உறை. தண்ணீரில் இருக்கும் அதே 'தண்'. நுரைப்பஞ்சா, நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பரா, கேனா, பாட்டிலா என்ற கேள்வியே எழாது. அப்புறம், தேநீர்ப் பாத்திரத்தின் உறையைச் 'சூட்டுறை' என்றால் இரண்டும் ஜோடியாக நிற்கும்.

'உறை' என்பதற்கு உறைந்துபோதல் என்ற பொருளும் உண்டே என்று கேட்டிருந்தீர்கள். கையுறை என்றதும் யாரும் உறைந்த கையை நினைப்பதில்லை. முன்னால் வரும் சொல்லே பொருளைக் காட்டிவிடும்.

அகராதிக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

தண்ணுறை (பெ.): குளிர்ந்த பானமுள்ள கேன் அல்லது பாட்டில் சூடேறாமலும் வியர்க்காமலும் இருக்க மாட்டும் உறை. "வந்தவர்களுக்கெல்லாம் கடைப்பெயர் அச்சிட்ட தண்ணுறை ஒன்று கொடுத்தார்கள்."