இலாபம் இருக்கிறது, வங்கிக் கணக்கில் பணம் இல்லை: எங்கே போகிறது?

கேள்வி: மசாலாப் பொடி தயாரிப்பாளர், விருதுநகர்

வணக்கம். நானும் என் கணவரும் நான்கு ஆண்டுகளாகச் சாம்பார்ப் பொடி, மிளகாய்ப் பொடி, மல்லிப் பொடி ஆகியவற்றை அரைத்துப் பாக்கெட்டில் அடைத்து, மளிகைக் கடைகளுக்குக் கொடுத்து வருகிறோம். நான் வரலாறு படித்தவள், கணக்கியல் படித்ததில்லை. முந்தைய ஆண்டு 50 லட்சம் ரூபாயாக இருந்த விற்பனை, மார்ச்சில் முடிந்த ஆண்டில் 72 லட்சமாக உயர்ந்தது. வங்கி வட்டி உட்பட எல்லாச் செலவும் போக 7.2 லட்சம் இலாபம் என்று ஆடிட்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் வங்கியில் 2 லட்சம் இருந்தது; முடிவில் இருந்தது 40,000 மட்டுமே. தொடக்கத்தில் தொடாமல் வைத்திருந்த 7 லட்ச ரூபாய் ஓ.டி. வசதியில் (ஓவர் டிராஃப்ட், அதாவது வங்கி அனுமதித்த வரம்பு வரை வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் கடன்) இப்போது 6.8 லட்சம் எடுத்தாகிவிட்டது.

ஆடிட்டர் கொடுத்த தாளில் உள்ள மற்ற விவரங்களையும் தருகிறேன். கடைகளிடமிருந்து வரவேண்டிய பாக்கி 6 லட்சத்திலிருந்து 10.5 லட்சமாகவும், சரக்கிருப்பு 5 லட்சத்திலிருந்து 9.5 லட்சமாகவும், நாங்கள் மண்டிகளுக்குக் கொடுக்கவேண்டியது 2 லட்சத்திலிருந்து 2.5 லட்சமாகவும் கூடியிருக்கின்றன. 3.5 லட்சத்திற்குப் பாக்கெட் அடைக்கும் இயந்திரம் ஒன்றை வாங்கினோம். வீட்டுச் செலவுக்கு மாதம் 25,000 எடுக்கிறோம். பழைய கடனில் அசலாக 1.2 லட்சம் கட்டியிருக்கிறோம். தேய்மானம் என்று 60,000 காட்டப்பட்டிருக்கிறது. இலாபம் உண்மை என்றால் அந்தப் பணம் எங்கே?

இன்னொரு கேள்வியும் உண்டு. ஒரு சூப்பர் மார்க்கெட் குழுமம் இப்போதுள்ள விலையில் 8 சதவீதம் குறைத்து, 90 நாள் தவணையும் கொடுத்தால் பெரிய அளவில் வாங்குவதாகச் சொல்கிறது. ஒப்புக்கொள்ளலாமா?

மறுமொழி 1: ஓய்வுபெற்ற வங்கிக் கடன் அதிகாரி

அம்மா, உங்கள் ஆடிட்டர் எழுதியது சரி. உங்கள் சந்தேகமும் நியாயமானது. இலாப நட்டக் கணக்கு, பணம் கைக்கு வந்த நாளைப் பார்ப்பதில்லை. பில் போட்ட நாளிலேயே அது விற்பனையாகிவிடும். அதேபோல் விற்காமல் மூட்டையில் கிடக்கும் மிளகாய் வத்தலுக்குக் கொடுத்த பணம், விற்கும் நாள் வரை செலவாகக் கருதப்படுவதில்லை. ஆகவே இலாபம் ஓர் அளவு, ரொக்கம் வேறோர் அளவு. இரண்டையும் இணைக்கும் கணக்கை உங்கள் தொகைகளை வைத்தே போட்டுக் காட்டுகிறேன்.

இலாபம் 7.2 லட்சம். தேய்மானம், அதாவது இயந்திரம் பழையதாகி மதிப்புக் குறைவது, ஏட்டில் மட்டும் கழிக்கப்படுவது, அதற்காக யாருக்கும் பணம் கொடுக்கவில்லை என்பதால், 0.6 லட்சத்தைத் திரும்பக் கூட்டினால் 7.8 லட்சம். மண்டிகள் கூடுதலாகக் கடன் கொடுத்த 0.5 லட்சமும் சேர்ந்தால் 8.3 லட்சம். இதிலிருந்து கடைகளிடம் புதிதாகத் தங்கிய 4.5 லட்சமும், கிடங்கில் புதிதாகத் தங்கிய 4.5 லட்சமும் கழிய வேண்டும். அந்த இடத்திலேயே 0.7 லட்சம் பற்றாக்குறை வந்துவிடுகிறது. அதாவது ஆண்டு முழுவதும் உழைத்த தொழில், இயந்திரத்துக்கும் வீட்டுக்கும் ஒரு ரூபாய்கூட மிச்சம் வைக்கவில்லை. அதன் மேல் இயந்திரம் 3.5, வீட்டுச் செலவு 3, கடன் அசல் 1.2 ஆகியவை சேர, மொத்தப் பற்றாக்குறை 8.4 லட்சம். அதில் 6.8 லட்சத்தை ஓ.டி. தந்தது, மீதி 1.6 லட்சம் உங்கள் வங்கி இருப்பிலிருந்து போனது. 2 லட்சம் 40,000 ஆனது இப்படித்தான்.

அடுத்து நாள் கணக்கைப் பாருங்கள். 72 லட்ச விற்பனைக்கு 10.5 லட்சம் பாக்கி என்றால், சராசரியாக 53 நாள் கழித்து வசூலாகிறது. முந்தைய ஆண்டில் இது 44 நாள். (பாக்கியில் ஜிஎஸ்டியும் அடங்கும் என்பதால் ஓரிரு நாள் வேறுபடலாம்.) சரக்கின் அடக்கச் செலவு 54 லட்சம் என்று வைத்துக்கொண்டால் இருப்பு 64 நாளுக்கு ஆகிறது, மண்டிகள் உங்களுக்குத் தருவதோ 17 நாள். ஆக, இன்று வத்தலுக்குக் கொடுக்கும் பணம் உங்கள் கைக்குத் திரும்ப ஏறத்தாழ 100 நாள் ஆகிறது. இந்த இடைவெளியை நிரப்பும் பணத்தையே நடைமுறை மூலதனம் என்கிறோம். விற்பனை வளர வளர அதுவும் வளர்ந்தே தீரும். நன்றாக விற்கும் தொழில்களே பணமின்றித் திணறுவதை என் பணிக்காலத்தில் பலமுறை பார்த்து வருந்தியிருக்கிறேன். வசூலைப் பத்து நாள் முன்னால் கொண்டுவந்தாலே சுமார் 2 லட்சம் விடுபடும்.

இயந்திரத்தை ஓ.டி. பணத்தில் வாங்கியது தவறு என்றே சொல்வேன். ஐந்தாறு ஆண்டு உழைக்கும் பொருளுக்குத் தவணைக் கடன்தான் பொருந்தும், ஓ.டி. சரக்குக்கும் பாக்கிக்கும் உரியது. வங்கியில் பேசி அந்தத் தொகையைத் தவணைக் கடனாக மாற்றித் தருமாறு கேளுங்கள்.

மறுமொழி 2: மளிகைப் பொருள் விநியோகஸ்தர், மதுரை

மேலே உள்ள கணக்கில் ஒரு திருத்தம் மட்டும் சொல்ல விரும்புகிறேன். மார்ச் 31 என்பது இராமநாதபுரம் வட்டாரத்தில் குண்டு மிளகாய் வரத்து நடக்கும் காலம். மல்லி அறுவடையும் அப்போதுதான் முடிந்திருக்கும். அன்றைய இருப்பை வைத்துப் போட்ட 64 நாள், ஆண்டுச் சராசரியைவிட மிகையாகவே இருக்கும். பருவத்தில் வாங்கி வைப்பது குற்றமுமில்லை. உதாரணமாக, கிலோ 180 ரூபாய்க்கு வாங்கும் வத்தலை ஆறு மாதம் வைத்தால், 12 சதவீத வட்டியில் 11 ரூபாய் போகும். குளிர்பதனக் கிடங்கு வாடகை தனி. ஆறு மாதம் கழித்து விலை 215 ஆகும் என்றால் வாங்கி வைத்தது இலாபம். 190தான் என்றால் நட்டம். ஒவ்வோர் ஆண்டும் இந்தக் கணக்கைப் போட்ட பிறகே எத்தனை மூட்டை என்று முடிவு செய்ய வேண்டும். வழக்கம் என்பதற்காக வாங்கக் கூடாது.

சூப்பர் மார்க்கெட் விஷயத்தில் நான் மிகவும் எச்சரிக்கையாக இருப்பேன். கடைக்கு ஒரு கிலோ 320 ரூபாய்க்குக் கொடுக்கிறீர்கள், அந்தக் கிலோவுக்காகவே ஆகும் மாறும் செலவு 250 ரூபாய் என்று கொள்வோம். வாடகை, சம்பளம் போன்ற நிலைச் செலவுகளைத் தாங்கவும் இலாபம் தரவும் மிஞ்சுவது 70 ரூபாய். 8 சதவீதம் குறைத்தால் விலை 294.40 ஆகிறது, மிஞ்சுவது 44.40. விலையில் 8 சதவீதம்தான் குறைந்தது, ஆனால் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. பழைய மிச்சத்தையே பெறுவதற்கு 58 சதவீதம் அதிகமாக விற்க வேண்டும். 250 ரூபாய் 90 நாள் முடங்குவதற்கு அதே 12 சதவீதத்தில் ஆகும் வட்டி 7.40 ரூபாயையும் கழித்தால் 37தான் நிற்கும். தேதி முடிந்த பாக்கெட்டைத் திருப்பி அனுப்புவார்களா, அலமாரி இடத்துக்குத் தனிக் கட்டணம் கேட்பார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

அதைவிடச் சிறிய பாக்கெட்டைப் பற்றி யோசியுங்கள். கடலூரில் சின்னிகிருஷ்ணன் ஷாம்பூவைச் சாஷே என்னும் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்றதும், அவர் மகன் ரங்கநாதன் 1983-இல் 15,000 ரூபாய் முதலீட்டில் தொடங்கிய நிறுவனம் சிக் ஷாம்பூவை அதே வழியில் கிராமங்களுக்குக் கொண்டு சென்றதும் நமக்குத் தெரிந்த வரலாறு. வாங்குபவரின் கைக்காசுக்குள் பொருள் அடங்கியது என்பது பலரும் சொல்லும் காரணம். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது கடைக்காரர் பக்கம். 10 ரூபாய்ப் பாக்கெட் சரம் ஒன்றை எடுக்க அவருக்குப் பெரிய தொகை தேவையில்லை. ஆகவே அவர் கையில் காசு கொடுத்தே எடுப்பார்.

மறுமொழி 3: கணக்குப் பதிவாளர், கோயம்புத்தூர்

90 நாள் தவணை பற்றிச் சட்டம் சொல்வதைச் சேர்க்கிறேன். நீங்கள் உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசுப் பதிவு) பெற்ற குறு அல்லது சிறு உற்பத்தி நிறுவனமாக இருந்தால், 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்குபவர் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும்; ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டுவட்டியாகச் சேரும். 2024 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த வருமான வரி விதிப்படி, இந்தக் கெடுவுக்குள் தராத தொகையை வாங்குபவர் அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. உண்மையில் தரும் ஆண்டில்தான் காட்டலாம். பல பெரிய நிறுவனங்களின் கணக்குப் பிரிவு இப்போது இதைத்தான் கவனிக்கிறது. ஆகவே பில்லில் உங்கள் உத்யம் எண்ணைத் தவறாமல் அச்சிடுங்கள்.

ஜிஎஸ்டியையும் மறக்க வேண்டாம். மாதந்தோறும் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால், கடைக்காரர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் அந்த மாதப் பில்லுக்கான வரியை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் நீங்கள் கட்டியாக வேண்டும். கடன் விற்பனையில் வரியையும் உங்கள் கைப்பணத்திலிருந்தே முன்கூட்டித் தருகிறீர்கள்.

கேள்வி கேட்டவரின் பதில்

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு நானும் கணவரும் பாக்கி நோட்டைக் கடைவாரியாகவும் நாள்வாரியாகவும் பிரித்தோம். 10.5 லட்சத்தில் 3.1 லட்சம் 90 நாளைத் தாண்டியிருக்கிறது. அது முழுவதும் ஆறே கடைகளிடம் நிற்கிறது. மற்ற கடைகள் ஒழுங்காகவே தருகின்றன. அந்த ஆறு கடைகளுக்கும் பழைய பாக்கியில் பாதி வந்த பிறகே புதிய சரக்கு என்று சொல்லப்போகிறோம். ஒன்றிரண்டு கடைகளை இழக்க நேரிடலாம் என்பதையும் பேசி ஏற்றுக்கொண்டோம். சூப்பர் மார்க்கெட்டுக்கு 3 சதவீதத் தள்ளுபடி, 45 நாள் தவணை என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். உத்யம் பதிவு இருக்கிறது, ஆனால் இதுவரை ஒரு பில்லிலும் அதை அச்சிட்டதில்லை. இயந்திரக் கடன் பற்றி திங்கட்கிழமை வங்கிக்குப் போகிறேன். ஆடிட்டர் தந்த தாளுடன் மறுமொழி 1-இல் உள்ள கணக்கையும் எழுதி எடுத்துச் செல்கிறேன்.