புதுப்பிப்பு: கடன் வாங்கி போக்கர் ஆடலாமா என்று கேட்டிருந்தேனே

மூன்று மாதம் முன்பு நான் கேட்டது இது: கையில் 12 பை-இன் (ஒரு பை-இன் என்பது ஒரு மேசையில் உட்காரக் கொண்டுபோகும் தொகை) இருக்கிறது, நண்பர் மாதம் 2 சதவீத வட்டிக்கு இன்னும் 20 தருகிறார், வாங்கலாமா? வேண்டாம் என்றுதான் பெரும்பாலோர் சொன்னீர்கள். நான் வாங்கிவிட்டேன்.

முதல் 10,000 கைகளில் (ஒரு கை என்பது ஒரு சுற்று ஆட்டம்) 7 பை-இன் போனது. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு கையிலும் கட்டாயமாக வைக்கும் பந்தயம்தான் பெரிய பிளைண்ட்; 100 பிளைண்ட் ஒரு பை-இன். 100 கைக்கு 5 பெரிய பிளைண்ட் ஜெயிப்பவருக்குக்கூட 10,000 கையில் எதிர்பார்ப்பு 500 பிளைண்ட், அதாவது 5 பை-இன். ஆறு பேர் மேசையில் திட்ட விலக்கம் (அதிர்ஷ்டத்தால் வரும் ஏற்ற இறக்கத்தின் அளவு) 100 கைக்கு 90 பிளைண்ட் அளவில் இருந்தால், 10,000 கைக்கு அது 900; கைகள் 100 மடங்கானால் விலக்கம் 10 மடங்குதான் ஆகும். 500-இல் 900 போனால் மைனஸ் 400, ஆக நன்றாக ஆடியும் நான்கு பை-இன் இழப்பது அபூர்வமே இல்லை. சொந்தப் பணமாக இருந்திருந்தால் உடனே சின்ன மேசைக்கு இறங்கியிருப்பேன். வட்டி கட்ட வேண்டுமே என்று அங்கேயே உட்கார்ந்தேன். எதிராளியின் பந்தயத்துக்குச் சமமாகப் போட்டு கால் பண்ண வேண்டிய இடத்தில் பயந்து கார்டை மடக்கினேன். அந்தத் தவறுகள் எத்தனை என்று இன்றும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

சரி, இப்போது கடனை வட்டியோடு அடைத்துவிட்டேன். மிச்சம் 4 பை-இன்னுக்கும் குறைவு. பிளைண்ட் ஐந்தில் ஒரு பங்காக இருக்கும் மேசைக்கு இறங்கியதால் அதுவே 19 ஆகிறது. போக்கர் சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசன் ஒன்றுமில்லாமல் தொடங்கி 10,000 டாலர் சேர்த்தபோது, மிகச் சிறிய மேசைகள் தவிர, கேஷ் மேசையில் (போட்டித் தொடராக இல்லாமல் நேரடியாகப் பணத்துக்கு ஆடுவது) கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் இறக்குவதில்லை என்று விதி வைத்திருந்தார். அதற்கு 20 பை-இன் வேண்டும். எனக்கு இன்னும் ஒன்று குறைகிறது.