ரெண்டு வயசு தாண்டியும் பேசல, பேர் கூப்பிட்டா திரும்பல... உங்க அனுபவம் சொல்லுங்க

மதுரை அம்மா:
பையனுக்கு ரெண்டே கால் வயசு. மாமியார்கிட்ட சொன்னா "இவன் அப்பனே நாலு வயசுல தான் வாயத் திறந்தான், ஆம்பளப் புள்ள லேட்டா தான் பேசும்"ங்கறாங்க. ஆனா மிக்ஸி போட்டா காதப் பொத்திக்கிட்டு ஓடுறான், கார் பொம்மைய ஓட்டாம கவுத்துப் போட்டு சக்கரத்த மட்டும் சுத்திட்டே இருக்கான். டாக்டர் எடுத்ததுமே காது டெஸ்ட் எழுதிக் குடுத்தார், பெரான்னு சொல்றாங்களே, தூங்க வச்சு எடுக்கறது, அது நார்மல். இப்ப ஆட்டிசமா இருக்கலாம், பாக்கணும்னு சொல்லிருக்காங்க. அடுத்து எங்க போறது?

தென்காசிப் பொண்ணு:
அக்கா முதல்ல பெரிய ஆஸ்பத்திரில டிஇஐசி (சின்னப் புள்ளைங்க வளர்ச்சிக் குறைபாட்ட சீக்கிரமே கண்டுபிடிச்சு தெரபி குடுக்கற சென்டர்) எங்கன்னு கேளுங்க. மாவட்டத்துக்கு ஒண்ணு இருக்கு, காசு கிடையாது, ஸ்பீச் தெரபி, ஓடி (அன்றாட வேலைய செய்யப் பழக்கற ஆக்குபேஷனல் தெரபி) எல்லாம் ஒரே எடத்துல. எங்க பாப்பாவுக்கு பேர் வைக்கறதுக்கு (அதான் டயக்னோசிஸ்) ரொம்ப நாள் இழுத்துச்சு, ஆனா தெரபி அதுக்குக் காத்துக்கிட்டு இருக்கல, பேச்சு வரலன்னு தெரிஞ்சதுமே ஆரம்பிச்சுட்டாங்க. பாதி வேலை வீட்டுல தான்க்கா. பிஸ்கட் டப்பாவ இறுக்கி மூடி அவ கைலயே குடுத்துரணும், தெறக்க முடியாம நம்மள பார்ப்பா பாருங்க, அந்த நேரம் "தா"ன்னு சொல்லிக் குடுக்கணும். எங்க அம்மா பாவம் பாத்து தெறந்து குடுத்துருவாங்க, அவங்கள திருத்துறது தான் பெரிய தெரபி 😅

சென்னை அப்பா:
ஸ்கூல் பத்தி நான் சொல்றேன். ஒரு பிரைவேட் ஸ்கூல்ல "ஷேடோ டீச்சர் (கிளாஸ்ல புள்ள கூடவே இருந்து உதவுறவங்க) நீங்களே சம்பளம் குடுத்து வச்சுக்கோங்க, இல்லனா கஷ்டம்"னு சிரிச்சுக்கிட்டே அனுப்பிட்டாங்க. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அங்கீகாரம் வாங்குன எந்த ஸ்கூலும் பாகுபாடு பாக்காம சேத்துக்கணும், அந்தச் சட்டம் சொல்ற 21 வகை குறைபாட்டுல ஆட்டிசமும் இருக்கு. சட்டம் பேசி சண்டை போடத் தெம்பில்லாம கார்ப்பரேஷன் ஸ்கூல்ல சேத்தோம், வட்டார வள மையத்துலேருந்து ஸ்பெஷல் டீச்சர் வர்றாங்க, தினமும் இல்ல, ஆனா வர்றாங்க. இன்னொண்ணு, மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்குனா முத்திரை குத்திருவாங்கன்னு சொந்தக்காரங்க பயமுறுத்துவாங்க. குறைபாடு 40 சதவீதம், அதுக்கு மேலன்னு சர்டிபிகேட் இருந்தா தான் முக்கால்வாசி சலுகை. நிராமயான்னு ஆட்டிசம் மாதிரி குறைபாடு இருக்கறவங்களுக்கு மத்திய அரசோட ஹெல்த் இன்சூரன்ஸ் இருக்கு, ஒரு லட்சம் வரைக்கும், தெரபி செலவும் அதுல வரும். சென்னை பக்கம் முட்டுக்காட்டுல இருக்கற நிப்மெட்டும் (மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனம்) ஒருதடவை போய்ப் பாருங்க.

மதுரை அம்மா:
ரொம்ப நன்றிங்க, திங்கக்கிழமை டிஇஐசி போறோம். மாமியாரையும் கூட்டிட்டுப் போலாம்னு இருக்கேன், உள்ள விடுவாங்களா?

தென்காசிப் பொண்ணு:
தாராளமா. பிஸ்கட் டப்பா விஷயத்த தெரபிஸ்ட்டையே அவங்ககிட்ட சொல்லச் சொல்லுங்க 😄